மார்பில் ஒட்டிய வில்லை

குற்றாலிங்கத்துக்குக் கல்லீரல் சுருங்கிப்போன பிறகு, ஆஸ்பத்திரியில் அவர் மார்பில் ஒரு மருந்து வில்லையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ரத்தம் உறைவதற்கு ஒரு மருந்தும் உறையாமல் இருக்க இன்னொன்றும் அதற்குள் இருந்தன. எதை எப்போது செலுத்துவதென்று அதுவே முடிவு செய்யும்.

"கல்லீரல் கெட்டா ரெண்டு பக்கமும் பலம் குறைஞ்சிடும். எந்தப் பக்கம் சாயும்னு நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா" என்று டாக்டர் அவர் மனைவி செண்பகவல்லியிடம் சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வில்லையில் நீல விளக்கு எரிந்தது. உறையாமல் தடுக்கும் மருந்து இறங்குகிறது என்று அர்த்தம்.

"ரத்தம் கொட்டுற நேரத்துல இதையா குடுக்கும்? ஆளையே கொன்னுபோடும் போலிருக்கே" என்று செண்பகவல்லி வில்லையைப் பிய்த்து எறிந்தாள். மூக்கை அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது. அவர் இரண்டு இட்லிகூடச் சாப்பிட்டார்.

மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. வில்லை அதைத்தான் தடுக்கப் பார்த்திருக்கிறது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார், புது வில்லையோடு.

நேற்று மறுபடியும் மூக்கில் ரத்தம், மறுபடியும் நீல விளக்கு. ஒரு கையால் அவர் மூக்கை அழுத்தினாள். இன்னொரு கை தானாக மார்புப் பக்கம் போனது.

"வல்லி, அந்தக் கையை என்கிட்ட குடு" என்றார் அவர்.

கொடுத்தாள். தேற்றுவதற்கா, தடுப்பதற்கா என்று கேட்கவில்லை. ரத்தம் நிற்கப் பதினேழு நிமிடம் ஆனது. அவர் பிடியைத் தளர்த்தியபோது அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.