குழி எந்தப் பக்கம்?

"கல்லறைத் தோட்டத்துல சாதிக்கொரு பக்கம் எதுக்கு? நடுச்சுவர இடிப்போம்" என்றார் புதிய பங்குச்சாமி அருள்தாஸ்.

"கள்ளக்குறிச்சியில பேசுற பேச்ச மலையடிவாரத்துல பேசாதீங்க சாமி. சுவர்ல கைய வச்சா, கோயிலுக்கு ஒருத்தன் வரமாட்டான்" என்றார் ஊர்த்தலைவர் சவரிமுத்து.

மூன்று மாதம் பேரம் பேசியும் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

ஒரு காலை சவரிமுத்து கண் சிவந்து வந்தார்.

"எங்கம்மா பூட்டாங்க சாமி. குழி வெட்டணும்."

"சரிங்க. உங்க பக்கம் எந்த எடம்னு காட்டுங்க."

"எந்தப் பக்கமும் இல்லீங்க. சுவர் நிக்கிற எடத்துலயே பொதைக்கணுமாம். எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுதான் கண்ண மூடுனாங்க."

ஊரே பார்க்க, சுவரில் முதல் கடப்பாரையைச் சவரிமுத்துவே இறக்கினார். அருள்தாஸ் செபம் சொல்ல மறந்து, கைகூப்பி நின்றார்.