மஞ்சள் வாலா, நீல வாலா?

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பதுளையில் உள்ள பங்குத் தரகர் அலுவலகத்துக்கு வந்திருந்தார் றோசாலியம்மா.

"கம்பனி வெவரமெல்லாம் நீங்கதான் சொல்லுவீங்களாமே தம்பி. மலிவு டிக்கட் பிளேன்ல மஞ்ச வாலு, நீல வாலுன்னு ரெண்டு கம்பனி இருக்கே, எது நெலைக்கும்?"

தோட்டத்திலிருந்து ஒருவர் விமானக் கம்பனிப் பங்கு வாங்க வந்திருக்கிறாரே என்று இளம் தரகர் ரொஷானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"மஞ்சள் புதுப் பிளேனா வாங்கித் தள்ளுது, கடனும் ஜாஸ்தி. நீலம் மெதுவாத்தான் வளருது, ஆனா லாபத்துல ஓடுது."

"ஆள் கொறைப்பாங்களா?"

"எண்ணெய் வெல ஏறுனா மஞ்சள்ல கொறைக்கலாம். எதுக்கும் ரெண்டுலயும் பாதி பாதி போட்டு வைங்கம்மா."

"பாதி பாதியா? என்ன பேச்சு பேசுறீங்க?" றோசாலியம்மாவின் முகம் சிவந்தது.

ரொஷான் குழம்பிப் போனான். "சரிம்மா, இப்போதைக்கு நீலத்த எடுங்க. சரிவரல்லன்னா அடுத்த வருஷம் வித்துட்டு மஞ்சளுக்கு மாறிக்கலாம்."

"மாதாவே!" அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?"

றோசாலியம்மா பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் வால் விமானத்துக்கு முன்னால் ஒரு பையன், நீல வால் விமானத்துக்கு முன்னால் இன்னொருவன். இருவரும் கம்பனிச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் மக நிலுக்ஷிக்கு வந்திருக்கிற மாப்பிள்ளைங்க தம்பி."

ரொஷான் எடுத்து வைத்திருந்த பங்கு விண்ணப்பப் படிவத்தை மெல்ல மேசைக்குள் தள்ளினான்.

போட்டோக்களைத் திரும்பப் பைக்குள் வைத்த றோசாலியம்மா, எழுந்திருக்காமல் அவனுடைய மோதிரமில்லாத விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. ஒங்க கம்பனி எப்படி, நெலைக்குமா?"