ஜன்னல் பக்கக் கசடு

சாக்கடைத் தண்ணீரில் படிகாரம் போட்டுக் கலக்கினால், அழுக்குத் திரண்டு பீக்கரின் அடியில் படியும். ஒரு வாரமாக அது அடியில் படியாமல், சோதனைக்கூடத்துக்காரி உட்காரும் ஜன்னல் பக்கமாக, பீக்கரின் கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொண்டது.

“உங்க மேல அதுக்கு ஒரு கண்ணு போலக்கா,” என்று பம்ப் ஆபரேட்டர் சிரித்தான்.

அவள் சட்டென்று எழுந்தாள். நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். கசடு அசையவில்லை. அப்பாடா, நம்மைத் தேடி வரவில்லை.

ஜன்னலுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தது. கசடு கண்ணாடியை ஒட்டியே இடப்பக்கமாக ஊர்ந்தது.

வெளியே, பள்ளியிலிருந்து வந்த அவள் மகள் தெருவோரமாக இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் நின்று கையசைத்தாள்.

கசடும் நின்றது.