முள்ளுக்காடு முழுசாகப் பாடிய பாட்டு

காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டு கத்த ஆரம்பித்ததும் மைக்செட் அரியமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாட்டு ஆறு நிமிஷம். இன்றைக்கு முடித்தே விடுவான் போலிருக்கிறதே, ஐயோ!

பெரம்பலூரில் ‘முள்ளுக்காடு’ என்று ஒரு ‘பங்க் ராக்’ இசைக்குழு இருந்தது ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டு காசிநாதன். டிரம்ஸ் இராமலிங்கம். கிட்டார் லப்பைக்குடிக்காட்டு நசீர். அதுவும் அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது.

பிள்ளையார் பாட்டில் தொடங்கி சினிமாப் பாட்டுதான் பாடுவோம் என்று விழாக் கமிட்டியிடம் சத்தியம் பண்ணித்தான் மேடையே வாங்குவார்கள். மூன்றாவதாகச் சொந்தப் பாட்டு. சுண்ணாம்புக்கல் குவாரித் தூசியைப் பற்றித் தொண்டை கிழியக் கத்துவது.

ஐந்து வருஷத்தில் ஐந்து ஊர். எல்லாவற்றுக்கும் மைக்செட் அரியமுத்துதான். ஐந்திலும் பாதிப் பாட்டில் கரண்ட் போனது. இருட்டோடு இருட்டாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

“கமிட்டிக்காரனுவ பயந்துபோயி ஃபியூஸப் புடுங்குறானுவ, பாத்தீங்களாண்ணே!” என்று காசிநாதன் அரியமுத்துவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

அந்தப் பெருமையிலேயே அவனுக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. சர்க்கரை மில்லில் வந்த வேலையை வேண்டாமென்றான். பெண் பார்க்காதீர்கள் என்றான். ஒரே ஒரு தடவை கடைசிவரைக்கும் பாடிவிட்டால் போதுமாம்.

அதனால்தான் இந்த எறையூர்த் திருவிழாவுக்கு ஜெனரேட்டரே கொண்டுவந்துவிட்டான். யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று, நம்பிக்கையான ஆளாகப் பார்த்து அரியமுத்துவையே பக்கத்தில் காவலுக்கு உட்காரவைத்தான்.

நாலாவது நிமிஷம் அரியமுத்து திடலைப் பார்த்தார். எழுந்து ஜெனரேட்டர் பக்கம் கையை நீட்டினார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து வருஷ அலுப்பு. நடக்கிறது நடக்கட்டும், எத்தனை நாளைக்குத்தான்!

பாட்டு முடிந்தது. முதல்முறையாக முடிந்தது. காசிநாதன் வியர்வையோடு கண்ணைத் திறந்தான்.

டியூப்லைட் வெளிச்சத்தில் திடல் காலியாகக் கிடந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். வறுகடலை விற்கிற அம்மா மட்டும் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோபப்படக்கூட ஒரு ஆள் மிச்சமில்லை.

நசீரும் இராமலிங்கமும் தலையைத் தூக்கவில்லை.

காசிநாதன் திடலைப் பார்த்தான். பிறகு அரியமுத்துவைப் பார்த்தான்.

“அப்ப, அஞ்சு ஊருலயும் ஃபியூஸப் புடுங்குனது நீங்கதானாண்ணே?”

காலித் திடல் இவன் கண்ணில் படாமல் ஆறாவது ஊரிலும் பிடுங்கித் தொலைத்திருக்கலாம் என்று அரியமுத்துவுக்கு அழுகையாக வந்தது.