பூக்கட்டிக் கேட்ட உத்தரவு

"நோய் முற்றிவிட்டது. கீமோவைத் தொடரலாம், அல்லது வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் விருப்பம் என்ன?" என்று தேனி மருத்துவர் வினவினார்.

"அவுகளுக்கு அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம் சார்," என்றான் சுரேஷ்கண்ணன். அல்சரால்தான் தலைமுடி முழுதும் கொட்டியதென்று தாய் நம்பிவிட்டாள் என்பது அவனுடைய அசைக்க இயலாத துணிபு.

கூடலூர் திரும்பும் வழியெல்லாம் அவனும் உடன்வந்த தங்கை அனுசுயாவும் பொருதினர்.

"வைத்தியத்த நிப்பாட்டுனா ஊரு என்னையக் காறித் துப்பும்."

"ஆத்தா படுற பாடு ஒனக்குத் தெரியலையாண்ணே?" என்றாள் அனுசுயா.

இறுதியில், இரு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன் வைத்து, அவற்றில் ஒன்றை எடுத்து, அப்படிப் பூக்கட்டிப் பார்த்து வரும் உத்தரவுப்படி நடப்பதென இசைந்தனர். பொட்டலம் மடிக்கும் பணியைத் தாய் ராமுத்தாயிடமே ஒப்படைத்தான் சுரேஷ்கண்ணன், தன் கூர்மதியைத் தானே வியந்தபடி.

"தோட்டத்துல தண்ணிக்குப் போர் போடலாமான்னு அம்மன்கிட்ட கேக்கணும் ஆத்தா. வெள்ளரளி வந்தா போடுறோம், செவ்வரளி வந்தா விட்டுர்றோம்."

போர் என்று அவன் மொழிந்தது கீமோவைத்தான்.

அம்மன் சன்னதியில் கண்மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தான். செவ்வரளி!

"ஆத்தாளே சொல்லிட்டா! இனி எவன் என்னையக் குத்தஞ் சொல்லுவான்?" என்று பூரித்தவன், வீடு வந்ததும் அறிவித்தான்: "போர் வேணாம்னு உத்தரவு ஆயிருச்சு ஆத்தா!"

"பெறகு வேற எப்படி ஆகும்? ரெண்டுலயும் செவ்வரளியத்தானடா வச்சேன்," என்றாள் ராமுத்தாய், மொட்டைத் தலையைத் தடவியவாறு. "குத்தகைக்கு விட்ட தோட்டத்துல எவன்டா போர் போடுவான்? அம்புட்டுத் தூரம் போயி கல்லுக்கிட்ட கேட்டீகளே, இங்கன உசுரோட கெடக்குற என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"