மூட்டைக்காரன் படம்

மூட்டை தூக்கியே முதுகு போனவனைக் கிடங்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். படிக்கத் தெரியாது, தடுமாறினால் வேலை போய்விடும். ஸ்டுடியோவில் படம் திருத்தும் அவன் மனைவி வந்து, திரையிலிருந்த ஐகான்களை பத்திரமாக நகலெடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அவனுக்குப் புரிகிற புதுப்படம் மாட்டினாள். எடைக்குத் தராசு. சரக்கு இறக்கியதைப் பதிய, குனிந்து மூட்டை சுமக்கும் ஆள்.

"என்னையே வரைஞ்சிட்டியாடி?"

"தொப்பையைக் குறைச்சிருக்கேன், சந்தோஷப்படுங்க."

மறுநாள் முதல் லாரியை ஒரு பிசகில்லாமல் பதிந்து அனுப்பினான். முதலாளியே வாயைப் பிளந்தார். திரையில் அந்த ஆள் மூட்டையை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

மனைவிக்குப் போன் போட்டான். "கெட்டிக்காரிடி நீ! லாரி போனதும் அவனையும் உக்கார வச்சிட்டியே!"

"உளறாதீங்க. அது அசையாத படம்."

மறுபடி பார்த்தான். அந்த ஆள் கொஞ்சம் நகர்ந்து, மூட்டையின்மேல் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தான்.