ஓடாத தொடர்

"டிவி சீரியல்னா அடுப்படியில நின்னுக்கிட்டே காதால கேக்கணும் மாப்ள. உன் கதையில ஒருத்தரும் வாயையே தொறக்கலையே!"

பந்தியில் அந்த வரிசையே சிரித்தது. சொல்லிவிட்டு, பாயசத்தை உறிஞ்சியபடி துரைராசு மாமாவும் சிரித்தார்.

இனியவனும் சிரித்துவைத்தான்.

மாமா சொன்னதில் தப்பில்லை. காற்றே இல்லாத ஒரு கோளில் குடியேறியவர்கள் கைகளால் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தான். ஒவ்வொரு சைகையும் அவன் யோசித்து உருவாக்கியது. வசனம் திரைக்கு அடியில் எழுத்தாக ஓடும். கறிகாய் நறுக்கிக்கொண்டே அதைப் பார்க்க முடியாது.

சேனல் அதை ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளியது. கிரிக்கெட் இருந்தால் அதுவும் கிடையாது. கதை பாதியில் நிற்கும்போதே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாமியார் மருமகள் கதைகள்தான் எழுதுகிறான். நன்றாக ஓடுகின்றன. ஆனாலும் பாபநாசத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தால்கூட, அது ஏன் ஓடவில்லை என்றுதான் கேட்கிறார்கள்.

கை கழுவித் திரும்பியபோது ஒரு பெண் வழிமறித்தாள். பின்னால் அவள் கணவர் இவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கையால பேசுற சீரியல எழுதினது நீங்கதானுங்களா?"

இன்னொரு கேலி என்று நினைத்துத் தலையாட்டினான்.

அவள் திரும்பிக் கணவரிடம் இரண்டு கைகளையும் அசைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் பெயர் அம்சம். திருத்துறைப்பூண்டி பக்கம். கணவர் வீரையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமான புதிதில் அவள் சொல்வது அவருக்கு எட்டவில்லை. அவர் காட்டுவது அவளுக்குப் புரியவில்லை. சோறு, தண்ணீர், தூக்கம் தவிர இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சும் இல்லை. அவள் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட நினைத்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தத் தொடர் வந்தது.

அவள் அடியில் ஓடிய எழுத்தைப் படித்தாள். அவர் கைகளைப் படித்தார். வாராவாரம் நாலைந்து சைகைகள். தொடர் நின்றபின் மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

"நீங்க விண்கலத்துக்குக் காட்டினதுதான் எங்களுக்கு அறுப்பு மெஷின்," என்றாள். "காத்து இருக்கான்னு கேக்குறது, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சான்னு ஆயிருச்சு."

வீரையன் கைகளால் விடாமல் பேசிக்கொண்டே போனார். ஒன்றிரண்டு சைகைகள்தான் இனியவனுக்கு அடையாளம் தெரிந்தன. மற்றவை அவன் அறியாத மொழி.

"ரொம்ப நன்றின்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் கோளில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அதற்கென்று ஒரு சைகையை அவன் யோசிக்கவே இல்லை.

"நன்றிக்கு நாங்களே ஒண்ணு சேர்த்திருக்கோம். நீங்களே சொல்லுங்க."

அம்சம் கணவரின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, மூன்று விரல்களைக் குவித்து, நாற்று நடுவதுபோல் அதில் ஊன்றிக் காட்டினாள்.

இனியவன் கூச்சத்தோடு தன் விரல்களை அந்தக் கையில் வைத்தான்.

வீரையன் தலையை ஆட்டி மறுத்து, மறு கையால் மனைவியிடம் ஏதோ காட்டினார்.

"இன்னும் அழுத்தி ஊணணும்ங்கறாரு," என்றாள் அம்சம். "மேலாப்புல நட்டா நாத்து மெதந்துருமாம்."

இனியவன் அழுத்தி ஊன்றினான்.